உடல் ரோவர், உயிர் வான்கார்டு

மாசி மகத்தையொட்டி ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் நாட்களில், நம் ஊரில் உறவினர் வந்து தங்காத வீடு ஒன்றைக் காண்பது அரிது. சிதம்பரம், கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் என்று நாலா திசைகளிலிருந்தும் வந்து சேருவார்கள். பெரும்பாலோர் வருவது பேருந்தில். வசதி படைத்த ஓரிருவர் அம்பாசடரில். 1987ஆம் ஆண்டு மாசியில், பண்ருட்டியில் முந்திரி வணிகம் செய்துவந்த நம் பெரியப்பா முறையினர் ஒருவர் ஓட்டிவந்து நிறுத்திய வண்டியோ இவற்றுள் எதனோடும் சேராததாக இருந்தது. தாழ்ந்து நீண்ட முகம். சரிந்து இறங்கும் முதுகு. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் விந்தை. நமக்கு அப்போது எட்டு வயது. தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த வண்டியை வலம் வந்தோம். பெருமாளை அன்று எத்தனை முறை வலம் வந்தோம் என்பது நினைவில் இல்லை.

தெருவில் டிராக்டர்களுக்குப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவரும் வந்து நின்று பார்த்துவிட்டு, "பானெட்ட ஒருதரம் தெறங்க மொதலாளி, இஞ்சினப் பாத்துடுவோம்" என்றார். பெரியப்பா, "இப்பத்தான் வந்து நின்னுருக்கு, சூடா இருக்கும். அப்பறம் பாக்கலாம்" என்றார். அந்த 'அப்பறம்' வரவேயில்லை.

வண்டியின் பெயர் ஸ்டாண்டர்டு 2000. இன்று நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட வாசகர்கள் இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. ஆயினும் தமிழ் மண்ணில் உருவான முதல் சொகுசு விரைவுக் கார் என்று எதையேனும் சொல்ல வேண்டுமானால், இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். 'சொகுசு' என்பதை எவரும் மறுக்கவில்லை. 'விரைவு' என்பதில்தான் வழக்கு. அந்த வழக்கின் வரலாறே இக்கட்டுரை.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1976இல் ரோவர் நிறுவனம் எஸ்டி-1 என்ற குறியீட்டுப் பெயரில் உருவாக்கிய காரை வெளியிட்டது. வடிவமைத்தவர் டேவிட் பாஷ். இத்தாலியின் ஃபெராரி டேட்டோனா என்னும் பந்தயக் குலத்து வண்டியின் சாயலை நான்கு பேர் குடும்பத்தோடு அமர்ந்து செல்லும் காருக்குக் கொண்டுவர முடியுமா என்று அவர் முயன்றார், முடிந்தது. ரோவர் என்றால் மருத்துவரும் வழக்கறிஞரும் ஓட்டுகிற அடக்கமான வண்டி என்றிருந்த எண்ணம் ஒரே நாளில் மாறிப்போயிற்று. முகப்பின் உள்ளே மூன்றரை லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு உருளை இஞ்சின். அதுவும் இங்கிலாந்தில் பிறந்ததன்று. அமெரிக்காவின் ப்யூக் வேண்டாமென்று கைவிட்டதை 1960களில் ரோவர் வாங்கித் தனதாக்கிக்கொண்டது. ஏறத்தாழ 155 குதிரைத்திறன். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். பிரிட்டிஷ் காவல் துறை நெடுஞ்சாலை ரோந்துக்கு இதை வாங்கியது. 1977இல் ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் என்ற விருதும் கிடைத்தது.

இந்த வண்டியில் நமக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ஓட்டுநர் பார்க்கும் கடிகாரங்கள் அனைத்தும் ஒரு பெட்டிக்குள் அடங்கி, பலகையின் மேல் தனியே அமர்ந்திருக்கும். வலப்பக்கம் ஸ்டியரிங் வைக்கும் நாடானால் பெட்டி வலப்பக்கம். இடப்பக்கம் வைக்கும் நாடானால் இடப்பக்கம். ஸ்டியரிங் தண்டு செல்ல வேண்டிய துளை இரு பக்கமும் உண்டு; பயன்படாத பக்கத்துத் துளை, அருகில் அமர்பவருக்குக் காற்று வீசும் வாயிலாகிவிடும். ஒரே பலகை, உலகம் முழுவதற்கும். சிக்கனத்தை அழகாக மாற்றுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நாம் அறிந்தவரையில் இல்லை.

ஆனால் ரோவரைத் தன்னுள் கொண்டிருந்த பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் 1975லேயே அரசுடைமையாகி, வேலைநிறுத்தங்களாலும் தரக்குறைவாலும் தள்ளாடிக்கொண்டிருந்தது. வரைபலகையில் பிறந்த அழகைத் தொழிற்கூடம் முழுமையாகக் காப்பாற்றிக் கொடுக்கவில்லை. 1986 அளவில் எஸ்டி-1இன் இங்கிலாந்து வாழ்வு முடிந்தது. அதற்குச் சற்று முன்பே, வண்டியின் உடலை வார்க்கும் அச்சுகள் கப்பலேறிச் சென்னைக்குப் புறப்பட்டுவிட்டன.

ஏன் சென்னை? இதற்கு நாம் இன்னும் பின்னோக்கிப் போக வேண்டும். 1948இன் இறுதியில் சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் கூடித் தொடங்கியது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. வண்டலூரை அடுத்த பெருங்களத்தூர்ப் பக்கம் தொழிற்சாலை. 1950களின் தொடக்கத்தில் வான்கார்டு என்னும் கார் அங்கிருந்து வெளிவரலாயிற்று. பின்னர் ஸ்டாண்டர்டு எயிட், டென். 1961இல் வந்த ஹெரால்டுதான் தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கம் சற்றே ஆசையோடு திரும்பிப் பார்த்த வண்டி. இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்த அதற்கு இங்கிலாந்தில் கடைசிவரை இரண்டே கதவுகள். பெரிய குடும்பத்தோடு கோயில் குளத்துக்குப் போகிற நாட்டுக்கு அது போதாதென்று, 1960களின் பிற்பகுதியில் சென்னையில் நான்கு கதவு வைத்தார்கள். பிறந்த நாட்டுக்காரர்கள் செய்யாததை வளர்ந்த நாட்டார் செய்தது அதுவே முதல் முறை. இதில் இன்னொரு வேடிக்கை: ஸ்டாண்டர்டு என்ற பெயரையே இங்கிலாந்தில் 1963இல் நிறுத்திவிட்டார்கள். பிறந்தகத்தில் மறைந்த பெயர் புக்ககத்தில் மேலும் கால் நூற்றாண்டு வாழ்ந்தது.

வாழ்ந்தது என்றோமே தவிர, செழித்தது என்று சொல்ல இயலாது. உள்நாட்டிலேயே உதிரிபாகங்களைச் செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இங்கு இடமில்லை என்ற கொள்கை 1953இல் வந்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. எஞ்சியவை கல்கத்தாவின் ஹிந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு. மூன்றே கடைகள் உள்ள சந்தையில் மூவரும் கொழித்திருக்க வேண்டுமல்லவா? எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு உரிமம். இறக்குமதிக்கு அனுமதிச் சீட்டு. 1960களின் இறுதியில் விற்பனை விலையையும் அரசே நிர்ணயிக்கத் தலைப்பட்டது. மூவருள் சிறியது ஸ்டாண்டர்டு. ஹெரால்டின் தொடர்ச்சியாக வந்த கெஸல் 1977 அளவில் நின்றது. அதன்பின் சில ஆண்டுகள், கார் நிறுவனம் என்ற பெயரோடு அவர்கள் செய்துவந்தது ஸ்டாண்டர்டு 20 என்னும் சரக்கு வேன் மட்டுமே. வேனின் உள்ளே ஓடியது பழைய வான்கார்டின் வம்சத்து இஞ்சின். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் ஜப்பானியக் கார் கிடைக்கும் என்றதும் நாடே வரிசையில் நின்றது. சிறிய வண்டியில் மாருதியோடு மோத இயலாதென்று பழைய மூவரும் உணர்ந்தார்கள் போலும். மூவரும் ஒரே நேரத்தில் மேல்தட்டை நோக்கித் திரும்பினார்கள். ஹிந்துஸ்தான் 1984இல் கான்டெஸ்ஸாவைக் கொண்டுவந்தது: உடல் இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர், இஞ்சின் அம்பாசடருடையது. பிரீமியர் 1985இல் 118 என்இ: உடல் ஃபியட் 124, இஞ்சின் நிஸ்ஸான். ஸ்டாண்டர்டு அதே 1985இல் ரோவரின் உடலுக்குள் வான்கார்டு வம்சத்து இஞ்சினை வைத்தது. கூடுவிட்டுக் கூடு பாய்தல் சித்தர்களுக்கு மட்டும் உரியதென்று எண்ணியிருந்தோம். 1980களின் இந்தியக் கார்த் தொழிலே அதில்தான் நடந்திருக்கிறது. காரணம் எளிது. உடலின் அச்சுகளை ஒரே தவணையில் விலை பேசி வாங்கிவிடலாம். மேல்நாட்டில் காலாவதியான பின் அவை மலிவாகவும் கிடைக்கும். இஞ்சினோ ஆண்டுதோறும் அன்னியச் செலாவணி கேட்கும். இங்குக் கிடைத்த தரம் குறைந்த பெட்ரோலையும் அது ஏற்றுக்கொள்ள வேண்டும். முகம் வாங்க வழியிருந்தது. இதயம் வாங்க வழியில்லை.

ஆக, 155 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 83. எட்டு உருளைக்குப் பதில் நான்கு. இங்கிலாந்தில் விற்ற எஸ்டி-1களில் மிகச் சிறிய இஞ்சின் கொண்டதற்குக்கூட ஏறத்தாழ நூறு குதிரைத்திறன் இருந்தது. ஐந்து கியருக்குப் பதில் நான்கு. நம் சாலைகளின் மேடுபள்ளம் கருதிச் சட்டகத்தைச் சற்றே உயர்த்தினார்கள். உச்ச வேகம் 145 கிலோமீட்டர் என்பார்கள். அந்த நாளைய ஸ்ரீமுஷ்ணம்-சேத்தியாத்தோப்புச் சாலையில் அதில் பாதியைத் தொடுவதற்கும் துணிச்சல் வேண்டும்.

நாம் அதில் சென்ற நாளும் உண்டு. திருவிழா முடிந்த மறுநாள் பெரியப்பா பிள்ளைகள் நால்வரை ஏற்றிக்கொண்டு சேத்தியாத்தோப்பு சென்று, அங்கிருந்து வீராணம் ஏரியை ஒட்டிக் காட்டுமன்னார்கோயில் வழியாகத் திரும்பினார். ஓட்டுநர் ஒருவர் அவரிடம் சம்பளத்துக்கு இருந்தார்; ஆனால் இந்த வண்டியின் சாவியை அவர் கையில் கொடுத்து நாம் பார்த்ததில்லை. தரையோடு தரையாக அமர்ந்திருக்கும் உணர்வு முதலில் வியப்பளித்தது. அம்பாசடரில் சாலையை மேலிருந்து பார்த்துப் பழகிய நமக்கு, வயல் வரப்புகள் கண்மட்டத்துக்கு வந்துவிட்டது போலிருந்தது. இருக்கை நாம் அமர்ந்தால் முழுவதுமாக உள்வாங்கிக்கொள்ளும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியுலகின் ஓசை தொலைவுக்குப் போய்விடும். வழியெங்கும் களத்துமேட்டு ஆட்கள் கதிரடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். பெரியப்பா அவர்களைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"எவ்வளவு ஸ்பீடு போவும் பெரியப்பா?" என்று கேட்டோம்.

"ரோட்டக் கேளு தம்பி" என்றார்.

ஏரிக்கரையில் வைக்கோல் பாரம் ஏற்றிய சிவப்பு மாசே ஃபெர்குசன் டிராக்டர் ஒன்று முன்னே அசைந்தாடிச் சென்றது. பெரியப்பா அதை முந்தவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. ஏறத்தாழ கால் மணி நேரம் அதன் பின்னாலேயே சென்றோம். வலப்பக்கம் ஏரி, முன்னே வைக்கோல், உள்ளே தோலும் புது வண்ணமும் கலந்த மணம். அவசரமில்லாத செல்வம் என்பது இதுதான் போலும் என்று அப்போது தோன்றிற்று என்று எழுதினால் பொய்யாகிவிடும். முந்தவில்லையே என்ற ஏக்கந்தான் அப்போது இருந்தது.

பல ஆண்டுகள் கழித்து நூல்களையும் பழைய மோட்டார் இதழ்களையும் புரட்டியபோதுதான், அந்த ஏரிக்கரைக் காட்சியின் பொருள் நமக்கு விளங்கியது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1946 முதல் கோவன்ட்ரி நகரில் ஹாரி ஃபெர்குசனுக்காக டிராக்டர்கள் செய்து கொடுத்துவந்தது. தொடக்கத்தில் அமெரிக்க இஞ்சின் பொருத்தினார்கள். விரைவிலேயே தாமே ஓர் இஞ்சினை உருவாக்கினார்கள். நான்கு உருளைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லைனர், அதைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர். தேய்ந்துவிட்டால் லைனரையும் பிஸ்டனையும் கழற்றி மாற்றிப் பட்டறையிலேயே புதுப்பித்துவிடலாம். உழவனுக்கு ஏற்ற இஞ்சின். அதே குடும்பத்து இஞ்சின்தான் வான்கார்டு காரிலும் ஓடியது. அந்தச் சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றன. பின்னாளில் மாசே ஹாரிஸோடு இணைந்து மாசே ஃபெர்குசன் ஆனதும், 1960களின் தொடக்கத்தில் சென்னையின் டாஃபே வழியாக அப்பெயர் நம் வயல்களுக்கு வந்து சேர்ந்ததும் வேறொரு கிளைக்கதை. நாம் சொல்ல வருவது இதுதான்: வீராணம் கரையில் அன்று முன்னே சென்ற டிராக்டரும் பின்னே சென்ற சொகுசுக் காரும் ஒரே குலத்துப் பங்காளிகள்.

லாரி இஞ்சினைச் சொகுசுக் காரில் பூட்டினார்கள் என்று ஸ்டாண்டர்டு 2000ஐப் பற்றி எழுதியவர்களெல்லாம் நகைக்கிறார்கள். வான்கார்டின் இஞ்சினைப் பற்றி அவர்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. 1953இல் இதே இஞ்சினின் உருளை விட்டத்தைச் சற்றே குறைத்து, இரண்டு லிட்டர் பந்தயப் பிரிவுக்குள் அடங்கும்படி 1991 கன செண்டிமீட்டராக்கி, டிரையம்ஃப் டிஆர்-2 என்னும் திறந்த இருக்கை வண்டியில் பொருத்தினார்கள். 90 குதிரைத்திறன். அந்த ஆண்டு பெல்ஜியத்தின் யாபெக் நெடுஞ்சாலையில் சோதனை வண்டி ஒன்று மணிக்கு 124 மைல் வேகம் தொட்டது. 1954இல் பிரிட்டனின் ஆர்ஏசி ராலியை டிஆர்-2 வென்றது. ஸ்டாண்டர்டு 2000இன் இஞ்சினும் அதே 1991 கன செண்டிமீட்டர்தான். உழவு டிராக்டருக்கு உறவு என்று ஏளனம் செய்பவர்கள், பந்தயக் காருக்கும் அது அதே உறவு என்பதை மறந்துவிடுகிறார்கள். குலத்தைச் சொல்லிப் பழிப்பது நம் நாட்டில் இஞ்சினையும் விடவில்லை!

அப்படியானால் குறை எங்கே? நம் கருத்தில், இஞ்சின் பழையது என்பதில் இல்லை. முப்பதாண்டுகளுக்கு முன் அற்புதமாக இருந்த ஒன்றை அந்த முப்பதாண்டுகளில் மேம்படுத்த எவருக்கும் வாய்ப்பும் இல்லை, தேவையும் எழவில்லை. வரிசையில் நிற்கும் வாடிக்கையாளன் எதையும் வாங்குவான் என்று மூடிய சந்தை கற்றுக்கொடுத்த பாடம் அது. மாருதி வந்ததும் அந்த வாடிக்கையாளன் வரிசையைவிட்டு விலகிவிட்டான். ஸ்டாண்டர்டு 2000ஐ வாங்கியவர்களை ஏமாந்தவர்கள் என்று எழுதுவதையும் நம்மால் ஏற்க இயலவில்லை. பண்ருட்டி முந்திரி வணிகருக்கும் கோயம்புத்தூர் ஆலை முதலாளிக்கும் எஸ்டி-1 என்ற சொப்பனத்தைத் தொட்டுப் பார்க்க இந்த நாட்டில் வேறு வழியே இருக்கவில்லை. இறக்குமதி வண்டிக்கு வரியோ மலை போல. கிடைத்த வழி இது ஒன்று. அதற்குரிய விலையைக் கொடுத்தார்கள்.

வாங்கியவர்கள் சிலரே. 1988இல் உற்பத்தி நின்றது. நிறுவனமும் அதோடு ஓய்ந்தது. எஞ்சிக் கிடந்த உதிரிபாகக் குவியலைப் பின்னர் ஆங்கிலேய வணிக நிறுவனம் ஒன்று மொத்தமாக விலைக்கு வாங்கிக் கொண்டுபோயிற்று. இங்கிலாந்தில் எஸ்டி-1ஐக் குழந்தை போலப் பேணிவரும் ஆர்வலர்களுக்கு அவை தேவைப்பட்டன. பெருங்களத்தூரில் வார்த்த கதவும் மட்காப்பும் இன்று ஏதேனும் ஓர் ஆங்கிலக் கிராமத்தில், எட்டு உருளை இஞ்சினோடு, தமக்கு உரிய வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

இலக்கிய வாசகர்களுக்கு ஒரு செய்தி. ஸ்டாண்டர்டு நிறுவனத்தை நடத்திவந்தவர்களுள் ஒருவரான சி.வி. கார்த்திக் நாராயணன்தான் பின்னாளில் கல்கியின் பொன்னியின் செல்வனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். மாக்மில்லன் அதை ஐந்து பாகங்களாக வெளியிட்டது. அந்நாவல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிப்பெருக்கு நாளில், வீராணம் ஏரிக்கரையில், களைத்த குதிரை ஒன்றின் மேல் இளைஞன் ஒருவன் மெல்லச் செல்கிறான். நம்மைச் சுமந்த வண்டி சென்றதும் அதே ஏரியை ஒட்டித்தான். மொழிபெயர்ப்பின் முதல் பாகத்தைக் கல்லூரி நூலகத்தில் கையிலெடுத்தபோது, கதையைவிட இந்தப் பொருத்தமே நம்மை நெடுநேரம் பக்கம் திருப்பவிடாமல் செய்தது.

பழைய தொழிற்சாலையிருந்த அதே ஜிஎஸ்டி சாலையில் தெற்கே சற்றுத் தொலைவு சென்றால் சிங்கப்பெருமாள் கோவில். 2007 மார்ச்சில் பிஎம்டபிள்யூ அங்குத் தன் தொழிற்சாலையைத் திறந்து, விரைவுக் கார்களுக்கு இலக்கணம் என்று பேர் பெற்ற மூன்றாம் வரிசை வண்டியைப் பூட்டத் தொடங்கியது. உடலும் உயிரும் ஒன்றாகவே வந்தன. அந்த ஆண்டு ஒருமுறை பண்ருட்டிக்குச் சென்றிருந்தபோது பெரியப்பாவைக் கண்டோம். வணிகத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். ஸ்டாண்டர்டை அவர் விற்று ஆண்டுகள் பலவாகியிருந்தன. ஏன் விற்றார் என்று அவரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. அன்று கேட்டது வேறு: அந்த மாசியில் மெக்கானிக் கேட்டபோது பானெட்டை ஏன் திறக்கவில்லை?

சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாத்த ஒடனே அவன் கண்டுபுடிச்சிருவான் தம்பி. டிராக்டர் பாக்கறவன் இல்ல?" என்றார். தெரிந்தே வாங்கியிருக்கிறார்; தெரிந்தே மூடி வைத்திருக்கிறார்.

நாம் உற்சாகமாக டிஆர்-2இன் கதையைச் சொன்னோம். பெல்ஜியம், 124 மைல், ராலி வெற்றி எல்லாவற்றையும். அதே இஞ்சின்தான் பெரியப்பா, நீங்கள் பெருமையாகவே திறந்து காட்டியிருக்கலாம் என்றோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும், மூட்டைக்கு விலை பேசுகிற குரலில், "அந்த வண்டி என்ன வெயிட்டு?" என்றார்.

ஒரு டன்னுக்கும் குறைவு என்றோம்.

"நம்ப வண்டி?"

ஒன்றேகால் டன்னுக்கு மேல் என்றோம்.

"அப்படிச் சொல்லு" என்று சிரித்துவிட்டு, காப்பி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.